ஒரே மேடை, இரண்டு இரவுகள்: பாரிட்டோன் பாடகர் டாட் டங்கனும் அமெரிக்க ஆப்பராவின் நிறத்தடையும்

நியூயார்க் நகரின் 55ஆம் தெருவில் 'மெக்கா டெம்பிள்' என்ற பெயரில் 1920களில் எழுந்த பெரிய அரங்கம் ஒன்று உண்டு. 1943இல் அது நகராட்சியின் பொறுப்பில் 'நியூயார்க் சிட்டி சென்டர்' எனப் பெயர் மாறிப் பொதுமக்களுக்கான கலைக்கூடமாயிற்று. அந்த மேடையில் டாட் டங்கன் என்ற பாரிட்டோன் பாடகர் இரண்டு முறை அறிமுகமானார். முதல் அறிமுகம் 1934இல். மஸ்காஞி இயற்றிய 'கவல்லேரியா ருஸ்திகானா' என்ற ஆப்பராவில், கறுப்பினப் பாடகர்கள் மட்டுமே கொண்ட ஏயோலியன் ஆப்பரா குழுவில், வண்டிக்காரன் அல்ஃபியோவாக அவர் பாடினார். இரண்டாவது 1945 செப்டம்பர் 28 அன்று. லியோன்கவல்லோவின் 'பாலியாச்சி'யில் கோமாளி டோனியோவாக நியூயார்க் சிட்டி ஆப்பராவில் பாடினார். உடன் பாடியவர்கள் அனைவரும் வெள்ளையர்.

ஆப்பரா மரபை அறிந்தவர்களுக்கு இந்த இரண்டு படைப்புகளும் இரட்டைப் பிள்ளைகள். இரண்டும் சிறியவை என்பதால் ஒரே இரவில், இடைவேளைக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக நிகழ்த்துவது உலகெங்கும் வழக்கம். அல்ஃபியோவாகப் பாடிய அதே பாரிட்டோன் வேடம் மாற்றிக்கொண்டு வந்து டோனியோவாகப் பாடுவதும் உண்டு. மற்றவர்களுக்கு இருபது நிமிடத்தில் முடியும் அந்த இடைவேளை டங்கனுக்குப் பதினோரு ஆண்டுகள் நீண்டது. அந்தப் பதினோரு ஆண்டுகளில் என்ன நடந்தது, அதன் பிறகும் என்ன நடக்கவில்லை என்பதே அவருடைய கலைவாழ்வின் வரலாறு.

குரலும் அதன் இடமும்

மேற்கத்திய இசையில் ஆண்குரல்களின் உச்சத்தில் டெனரும் அடியில் பாஸும் நிற்க, இரண்டுக்கும் நடுவே அமைவது பாரிட்டோன். ஆப்பராவின் கதைமரபில் ஒவ்வொரு குரலுக்கும் ஏறத்தாழ ஒரு சமூக இடம் வகுக்கப்பட்டிருக்கிறது. டெனர் காதலன்; பாஸ் அரசன், குரு அல்லது முதியவன். பாரிட்டோனுக்கு வாய்ப்பவை தந்தை, போட்டியாளன், வஞ்சகன், வெற்றிவீரன் போன்ற பாத்திரங்கள். வெர்டியின் ரிகலெட்டோவும் பிஸேயின் காளைச்சண்டை வீரன் எஸ்கமீயோவும் இந்த வரிசையில் வருபவர்களே. இப்பாத்திரங்கள் பெரும்பாலும் மேடையில் சொப்ரானோ பாடும் நாயகியை நெருங்கி நிற்பவை: அவளை அணைக்கும் தந்தை, அவளை வற்புறுத்தும் வில்லன், அவளை வென்று செல்லும் வீரன்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி அமெரிக்காவில் இந்த நெருக்கமே சிக்கலாயிற்று. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் மணம் செய்துகொள்வதைப் பல மாநிலங்கள் சட்டத்தால் தடுத்திருந்தன. 1967இல்தான் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டங்களை முற்றிலும் செல்லாதவை ஆக்கியது. அத்தகைய சமூகத்தில் கறுப்பின ஆண் ஒருவன் மேடையில் வெள்ளைப் பெண்ணின் கையைப் பற்றுவது கலை பற்றிய கேள்வியாக மட்டும் நின்றுவிடாது. கறுப்பினப் பாரிட்டோனுக்குக் குரல்வளம் போதுமா என்று எவரும் கேட்பதற்கு முன்னரே கதவு சாத்தப்பட்டிருந்ததற்கு இதுவே வலுவான காரணங்களுள் ஒன்று.

1933 ஜனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா நிகழ்த்திய 'எம்பரர் ஜோன்ஸ்' இதற்குத் தெளிவான சான்று. யூஜின் ஓ'நீலின் நாடகத்தைத் தழுவி லூயி குரூன்பெர்க் இயற்றிய அந்த ஆப்பராவின் நாயகன் புரூட்டஸ் ஜோன்ஸ் ஒரு கறுப்பினத்தவன். அப்பாத்திரத்தைப் பாடியவர் வெள்ளையரான லாரன்ஸ் டிபெட், முகத்திலும் உடலிலும் கருமை பூசிக்கொண்டு. அதே மேடையில் கறுப்பினக் கலைஞர் ஹெம்ஸ்லி வின்ஃபீல்டு தம் குழுவினருடன் நடனம் ஆடினார். ஆடுவதற்கு அனுமதி இருந்தது, பாடுவதற்கு இல்லை. டிபெட் சிறந்த பாரிட்டோன் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதே பாத்திரத்தை மறு ஆண்டு ஏயோலியன் குழுவில் பாடிய ஜூல்ஸ் பிளெட்ஸோவும் தேர்ந்த பாரிட்டோன்தான். அவருக்கு மெட்ரோபாலிட்டனின் கதவு திறக்கவே இல்லை.

கறுப்பினப் பாடகர்கள் ஆப்பராவில் அறவே பாடவில்லை என்பதும் சரியன்று. கேதரினா ஜார்போரோ 1933இல் நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் அரங்கில் 'அயிடா'வாகப் பாடினார். ஆனால் அத்தகைய வாய்ப்புகள் சிறு குழுக்களிலும் கோடைக்காலப் பருவங்களிலும் தனித்தனி நிகழ்வுகளாக வந்து போயின. ஒரு பாடகர் ஆண்டுதோறும் புதிய பாத்திரங்களைக் கற்று, ஒத்திகை பார்த்து, மெல்ல மெல்ல முதிர்வதற்கு வேண்டிய நிலையான பணியிடம் எதுவும் அவர்களுக்கு இல்லை.

ஆசிரியர் ஒருவரின் உருவாக்கம்

ராபர்ட் டாட் டங்கன் 1903 பிப்ரவரி 12 அன்று கென்டக்கி மாநிலத்தின் டான்வில் ஊரில் பிறந்தார். தாயார் இசை ஆசிரியை. இண்டியானாபோலிஸ் நகரின் பட்லர் பல்கலைக்கழகத்தில் பட்டமும், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பிறகு வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான உயர்கல்வி நிலையமாகத் திகழ்ந்த ஹோவார்டு பல்கலைக்கழகத்தில் குரலிசைப் பேராசிரியரானார். 1945 வரை அதுவே அவரது நிலையான பணி. பாடகர் என்று அறியப்படுவதற்கு முன்பே அவர் ஆசிரியர். ஜெர்மானிய, பிரெஞ்சு, இத்தாலியப் பாடல்களை மாணவர்களுக்குக் கற்பித்துவந்த அவருக்கு ஐரோப்பியக் கலைப்பாடல் மரபு தம் உரிமைச் சொத்தாகவே தோன்றியது. அடுத்து நிகழ்ந்ததைப் புரிந்துகொள்ள இந்த மனநிலை முக்கியமானது.

தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில் வாழும் கறுப்பின மக்களைப் பற்றி டுபோஸ் ஹேவர்டு 1925இல் எழுதிய 'போர்கி' நாவலை ஜார்ஜ் ஜெர்ஷ்வின் அப்போது ஆப்பராவாக்கிக்கொண்டிருந்தார். நாயகன் போர்கி நடக்க இயலாதவன். ஆட்டு வண்டியில் ஊர்ந்து பிச்சையெடுத்து வாழ்பவன். அவனாகப் பாடத் தகுந்த பாரிட்டோனைத் தேடிய ஜெர்ஷ்வினிடம் டங்கனின் பெயரைச் சொன்னவர் நியூயார்க் டைம்ஸ் இதழின் இசை விமர்சகர் ஆலின் டவுன்ஸ். டங்கனுக்கோ முதலில் ஆர்வமில்லை. ஜெர்ஷ்வின் அவர் கண்ணில் பொழுதுபோக்குப் பாட்டுகள் எழுதும் மெட்டுக்காரர் மட்டுமே.

அந்தக் குரல் தேர்வைப் பற்றி டங்கன் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். ஜெர்ஷ்வினின் இல்லத்துக்குச் சென்ற அவர் அங்கே பாடியது பழைய இத்தாலியக் கலைப்பாடல் ஒன்று. தேர்வுக்கு வந்த மற்றக் கறுப்பினப் பாடகர்கள் பெரும்பாலும் ஸ்பிரிச்சுவல் எனப்படும் பக்திப் பாடல்களையே பாடியிருந்ததால் ஜெர்ஷ்வின் வியந்தார். சில அடிகள் கேட்டதுமே, போர்கியாக நடிக்க முடியுமா என்று கேட்டுவிட்டார். இசையைக் கேட்ட பிறகே சொல்ல முடியும் என்பது டங்கனின் மறுமொழி. இதைச் செருக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. கறுப்பினப் பாடகரிடம் உலகம் எதிர்பார்த்தது ஒன்று. அவர் தம்மைப் பற்றி அறிந்திருந்தது வேறொன்று. அந்த வேறுபாட்டை அவர் அடக்கமாகவும் உறுதியாகவும் உணர்த்தினார். அடுத்த முறை மனைவியுடன் சென்று, ஜெர்ஷ்வின் சகோதரர்கள் தங்கள் தேறாத குரல்களில் முழு ஆப்பராவையும் பாடிக்காட்டக் கேட்டார். தொடக்கத்தில் இருந்த தயக்கம் பாடல்கள் வளர வளரக் கரைந்தது.

போர்கி என்னும் வாய்ப்பும் சுமையும்

'போர்கி அண்ட் பெஸ்' 1935 செப்டம்பர் 30 அன்று பாஸ்டனில் முதன்முதலில் மேடையேறி, அக்டோபர் 10 அன்று நியூயார்க்கின் ஆல்வின் அரங்கை அடைந்தது. டங்கன் போர்கியாகவும் ஆன் பிரவுன் பெஸ்ஸாகவும் பாடினர். ரூபன் மமூலியன் நெறியாள, அலெக்சாண்டர் ஸ்மாலன்ஸ் இசைக்குழுவை நடத்தினார். ஆப்பராவாக எழுதப்பட்ட இப்படைப்பு ஆப்பரா மாளிகையை விட்டு வணிக நாடக அரங்கில் ஏறியதற்கு அடிப்படைக் காரணம் எளியது. கறுப்பினப் பாடகர்களே பாட வேண்டும் என்பது ஜெர்ஷ்வினின் விருப்பம். மெட்ரோபாலிட்டனில் அன்று அத்தகைய பாடகர் ஒருவர்கூட இல்லை.

இந்த இடமாற்றத்தின் விலையைக் கொடுத்தது பாடகரின் தொண்டை. ஆப்பரா மாளிகையில் ஒரு முதன்மைப் பாரிட்டோன் ஓரிரவு பாடினால் அடுத்த சில நாட்கள் ஓய்வு கிடைக்கும். பிராட்வேயில் வாரத்துக்கு எட்டுக் காட்சிகள். அதுவும் மேடையில் முழங்காலிட்டபடியே. மூச்சுக்கு ஆதாரமான உடலின் அடிப்பகுதி மடங்கியிருக்க, முழு இசைக்குழுவுக்கு மேலாகக் குரலை எழுப்புவது எவ்வளவு கடினம் என்பதைப் பாட்டுப் பயின்றவர் அறிவர். போர்கியின் கனத்த பகுதிகளுள் ஒன்றான 'பஸர்டு' பாடல் நியூயார்க் அரங்கேற்றத்துக்கு முன்பே நீக்கப்பட்டதற்கு நேரச் சுருக்கத்தோடு இந்தக் குரற்சுமையும் காரணமாகச் சொல்லப்படுகிறது. நிகழ்ச்சி 124 காட்சிகளோடு நின்றது. நாடகமாக அது குறைவான எண்ணிக்கையன்று. ஆனால் முதலீட்டை மீட்கப் போதவில்லை.

விமர்சனங்கள் இரு திசையிலிருந்தும் வந்தன. இது ஆப்பராவா, இசைநாடகக் கேளிக்கையா என்று வெள்ளை விமர்சகர்கள் வாதிட்டனர். கறுப்பின அறிவாளர்களின் கேள்வி வேறு. புகழ்பெற்ற பாடற்குழுத் தலைவரும் இசையமைப்பாளருமான ஹால் ஜான்சன், 'ஆப்பர்ச்சூனிட்டி' இதழின் 1936 ஜனவரி வெளியீட்டில் எழுதிய கட்டுரையில் இப்படைப்பைக் கூர்ந்து ஆராய்ந்தார். கறுப்பின வாழ்வை வெளியிலிருந்து பார்த்து எழுதிய வெள்ளையரின் படைப்பில் உண்மைத்தன்மை எவ்வளவு என்பது அவரது கவலை. மேடைக்கு உயிர் தந்தவர்கள் கலைஞர்களே என்பது அவரது மதிப்பீட்டின் சாரம். பிச்சைக்காரனும் சூதாடியும் போதைக்கு அடிமையானவளும் நிறைந்த ஒரு சேரியே கறுப்பின வாழ்வின் முகமாக உலகுக்குக் காட்டப்படுவதா என்ற கேள்வி இன்றுவரை அடங்கவில்லை. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் இரவுதோறும் அந்த மேடையில் மண்டியிட்டார். இந்த முரண் டங்கனுக்குத் தெரியாததன்று. ஆனாலும் அப்படைப்பின் இசையை அவர் வாழ்நாள் முழுதும் உயர்வாகவே பேசினார்.

இசைத்தட்டின் வரலாறு மற்றொரு அநீதியைப் பதிந்து வைத்திருக்கிறது. நியூயார்க் அரங்கேற்றம் நடந்த அதே அக்டோபர் மாதத்தில், ஜெர்ஷ்வினின் மேற்பார்வையில் இப்பாடல்கள் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காகப் பதிவாயின. பாடியவர்கள் லாரன்ஸ் டிபெட்டும் ஹெலன் ஜெப்ஸனும். இருவரும் மெட்ரோபாலிட்டனின் வெள்ளைப் பாடகர்கள். இரவில் டங்கனும் பிரவுனும் பாடிய பாடல்கள் கடைகளில் வேறு குரல்களில் விலைபோயின. மூலக் கலைஞர் இருவரின் குரலும் டெக்கா நிறுவனத்தின் வணிக இசைத்தட்டில் ஏறியது 1940இல்தான். அதற்கு முன் எஞ்சியிருப்பது 1935 ஜூலையில் ஜெர்ஷ்வினே நடத்திய ஓர் ஒத்திகையின் பதிவு. ஒரு கலைஞரின் இளமைக் குரலைக் கேட்க வரலாற்றாளருக்கு ஒத்திகை ஒலிப்பதிவுதான் துணை என்பதே அக்காலத்தைப் பற்றிய ஒரு செய்தி.

வாஷிங்டன், 1936

நியூயார்க்கில் காட்சிகள் முடிந்தபின் குழு பிற நகரங்களுக்குப் பயணப்பட்டது. 1936 மார்ச்சில் வாஷிங்டனின் நேஷனல் தியேட்டரில் நிகழ்ச்சி அறிவிக்கப்பட்டது. டங்கன் வசித்த நகரம் அது. அவர் கற்பித்த ஹோவார்டு பல்கலைக்கழகமும் அங்கேதான். ஆனால் நேஷனல் தியேட்டரில் கறுப்பினத்தவர் பார்வையாளராக நுழைய முடியாது. மேடையில் ஏறலாம்; இருக்கையில் அமரக் கூடாது. மூன்றாண்டுகளுக்கு முன் முழுவதும் கறுப்பின நடிகர்கள் நடித்த 'தி கிரீன் பாஸ்ச்சர்ஸ்' நாடகம் இதே அரங்கில், கறுப்பினப் பார்வையாளர் எவரும் அனுமதிக்கப்படாமல் நடந்தேறியிருந்தது.

தம் மாணவர்களும் சக ஆசிரியர்களும் அண்டை வீட்டாரும் வந்து கேட்க முடியாத அரங்கில் பாட மாட்டேன் என்று டங்கன் மறுத்தார். ஆன் பிரவுனும் அவ்வாறே மறுத்தார். நிர்வாகம் படிப்படியாக இறங்கிவந்தது. சில காட்சிகளுக்கு மட்டும் கறுப்பினத்தவரை அனுமதிப்பதாக ஒரு யோசனை. மேல்மாடத்தில் மட்டும் இடம் தருவதாக இன்னொன்று. எதையும் அவர்கள் ஏற்கவில்லை. எந்தக் காட்சிக்கும், எந்த இருக்கைக்கும், எவரும் சீட்டு வாங்கலாம் என்பதே அவர்கள் வைத்த ஒரே நிபந்தனை. வெளியே ஹோவார்டின் ஆசிரியர் சங்கமும் இதே கோரிக்கையுடன் இயங்கியது. பின்னாளில் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற ரால்ஃப் பஞ்ச் அதில் முன்நின்றார். இறுதியில் நிர்வாகம் பணிந்தது. அந்த வாரம் நேஷனல் தியேட்டரில் இரு இனத்தவரும் அருகருகே அமர்ந்து டங்கனைக் கேட்டனர்.

இந்த வெற்றியை மிகைப்படுத்துவதும் பிழை. குழு ஊரை விட்டுச் சென்றதும் அரங்கம் பழைய விதிக்கே திரும்பியது. 1948இல் நடிகர் சங்கம் தன் உறுப்பினர்கள் அங்கே நடிக்க மாட்டார்கள் என்று அறிவித்தபோது, கறுப்பினத்தவரை அனுமதிப்பதைவிட நாடகத்தையே கைவிடுவது மேல் என்று உரிமையாளர்கள் அதைத் திரைப்படக் கொட்டகையாக மாற்றினர். 1952இல்தான் பாகுபாடற்ற நாடக அரங்காக அது மீண்டும் திறந்தது. ஆக 1936இல் நிகழ்ந்தது ஒரு வாரத்தின் விடுதலை. ஆனாலும் அதன் முறை கவனத்துக்குரியது. ஒப்பந்தமிட்ட கலைஞரின் கையில் இருந்த ஒரே படைக்கலம், பாட மறுப்பது. வேலைவாய்ப்பே அரிதாயிருந்த பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், அதற்கு முன் கிடைத்திராத பெரும் பாத்திரத்தைப் பணயமாக வைத்து அவர்கள் அதைப் பயன்படுத்தினர்.

டோனியோவின் துணிச்சல்

1937 ஜூலையில் ஜெர்ஷ்வின் 38 வயதில் காலமானார். டங்கன் கற்பித்தும் கச்சேரிகள் செய்தும் வந்தார். 1940இல் 'கேபின் இன் தி ஸ்கை' என்ற பிராட்வே இசைநாடகத்தில் எத்தல் வாட்டர்ஸுடன் நடித்தார். 1942இல் ஷெரில் கிராஃபோர்டு 'போர்கி அண்ட் பெஸ்' படைப்பை மீண்டும் மேடையேற்றியபோது, பாடி உரையாடும் பகுதிகளில் பெரும்பாலானவை வெறும் பேச்சாக மாற்றப்பட்டிருந்தன. அது 286 காட்சிகள் ஓடி, முதல் நிகழ்வைவிட இரு மடங்குக்கு மேல் வெற்றி பெற்றது. ஆப்பராத்தன்மை குறையக் குறைய வரவேற்பு கூடியது என்பது, ஆப்பரா பாடகராகவே தம்மைக் கருதிய டங்கனுக்கு எளிதான செய்தியாக இருந்திருக்காது. பல்வேறு மேடைகளில் அவர் போர்கியாகப் பாடியது 1,800 முறைக்கு மேல் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு.

1945இல் நியூயார்க் சிட்டி ஆப்பராவின் இயக்குநர் லாஸ்லோ ஹாலாஸ் அவரை அழைத்தார். அந்நிறுவனம் தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. குறைந்த கட்டணத்தில் சாதாரண மக்களுக்கு ஆப்பரா என்பது அதன் நோக்கம். பரம்பரைப் பெட்டி இருக்கைகளின் சொந்தக்காரர்களுக்கு அஞ்ச வேண்டிய நிலை அதற்கு இல்லை. செப்டம்பர் 28 அன்று டங்கன் டோனியோவாகத் திரைக்கு முன் வந்து முன்னுரைப் பாடலைப் பாடினார். நிலையான பருவம் கொண்ட பெரிய அமெரிக்க ஆப்பரா நிறுவனம் ஒன்றில், மற்றவரெல்லாம் வெள்ளையராக இருக்க முதன்மைப் பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பினப் பாடகர் அவரே. அதே பருவத்தில் 'கார்மென்' ஆப்பராவில் எஸ்கமீயோவாகவும் பாடினார்.

இந்தத் தேர்வில் அடங்கிய துணிச்சலைப் பாத்திரங்களே சொல்லும். டோனியோ இத்தாலியக் கிராமங்களில் அலையும் கோமாளி. நெட்டாவின் மீது மோகம் கொண்டு அவளைப் பலவந்தமாக முத்தமிட முயல்பவன். அவள் சாட்டையால் அடித்து விரட்டுகிறாள். எஸ்கமீயோ ஸ்பானிய வீரன்; கார்மெனின் மனத்தை வென்று செல்பவன். இரண்டும் கறுப்பினப் பாத்திரங்கள் அல்ல. இரண்டும் வெள்ளைப் பாடகியோடு நெருங்கி நடிக்க வேண்டியவை. சமூகம் எதை அஞ்சியதோ அதையே மேடையில் வைத்து, இது குரலுக்கும் நடிப்புக்கும் உரிய இடம் என்று சிட்டி ஆப்பரா அறிவித்தது. வானம் இடிந்து விழவில்லை, பார்வையாளர்கள் கைதட்டினர். மறு ஆண்டு கமிலா வில்லியம்ஸ் அங்கேயே 'மடாம் பட்டர்ஃபிளை'யாகப் பாடினார்.

ஆயினும் அந்நிறுவனத்தின் பாதையும் நேர்கோடாக இல்லை. 1949 மார்ச்சில் கறுப்பின இசையமைப்பாளர் வில்லியம் கிராண்ட் ஸ்டில்லின் 'டிரபிள்டு ஐலண்டு' ஆப்பராவை அது நிகழ்த்தியது. ஹெய்ட்டியின் விடுதலைத் தலைவர் தெசலீனின் கதை அது. முதல் இரவில் தெசலீனாகப் பாடியவர் வெள்ளைப் பாரிட்டோன் ராபர்ட் வீடு, கருமை பூசிய முகத்துடன். பின்னர் அப்பாத்திரம் கறுப்பினப் பாரிட்டோன் லாரன்ஸ் வின்டர்ஸுக்குச் சென்றது. அந்த வின்டர்ஸ் தம் கலைவாழ்வின் பிற்பகுதியைக் கழிக்க நேர்ந்தது ஜெர்மனியின் ஹாம்பர்க் ஆப்பராவில்.

காலம் தாழ்ந்து திறந்த கதவு

1949 அக்டோபர் 30 அன்று கர்ட் வைலின் 'லாஸ்ட் இன் தி ஸ்டார்ஸ்' பிராட்வேயில் மேடையேறியது. ஆலன் பேட்டன் தென்னாப்பிரிக்காவைப் பற்றி எழுதிய நாவலை மேக்ஸ்வெல் ஆண்டர்சன் நாடகமாக்கியிருந்தார். அந்நாட்டில் இனஒதுக்கல் கொள்கையை அறிவித்த கட்சி ஆட்சியேறி ஓராண்டே கடந்திருந்த காலம். மகனைத் தேடி நகரத்துக்கு வந்து, அவன் கொலைகாரன் என்றறியும் போதகர் ஸ்டீபன் குமாலோவாக டங்கன் பாடினார். போர்கிக்குப் பின் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய பாத்திரம் இது. விருதுகளும் பெற்றுத் தந்தது. 1955இல் 'அன்செயின்டு' என்ற திரைப்படத்தில் சிறைக்கைதி வேடத்தில் அவர் பாடிய பாடல் உலகப் புகழடைந்தது. ஆனால் பிறர் குரல்களில். பத்தாண்டு கழித்து வந்த ரைட்டியஸ் பிரதர்ஸின் பதிவே இன்று மக்கள் நினைவில் நிற்கிறது; அதை முதலில் பாடியவர் ஒரு ஆப்பரா பாரிட்டோன் என்பது பெரும்பாலோர்க்குத் தெரியாது.

அதே 1955ஆம் ஆண்டு ஜனவரியில் மெட்ரோபாலிட்டனின் கதவு திறந்தது. 7ஆம் தேதி மேரியன் ஆண்டர்சன் வெர்டியின் 'உன் பல்லோ இன் மாஸ்கெரா'வில் குறிசொல்லும் உல்ரிகாவாகப் பாடினார். 27ஆம் தேதி ராபர்ட் மெக்ஃபெரின் 'அயிடா'வில் எத்தியோப்பிய அரசன் அமொனாஸ்ரோவாகப் பாடி, அம்மேடையில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற முதல் கறுப்பின ஆண் ஆனார். தேர்ந்தெடுத்த பாத்திரங்களைக் கவனிக்க வேண்டும். உல்ரிகா கறுப்பினத்தவள் என்று மூலநூலிலேயே குறிப்பு உண்டு. அமொனாஸ்ரோ ஆப்பிரிக்கன், நாயகியின் தந்தை. சிட்டி ஆப்பரா பத்தாண்டுகளுக்கு முன் செய்ததைப் போல நிறத்தைக் கணக்கில் கொள்ளாத தேர்வு இல்லை இது. நிறத்தைச் சாக்காகக் காட்டிக் கதவைச் சற்றே திறந்த எச்சரிக்கை. மெக்ஃபெரின் பின்னர் அங்கே வாலன்டினாகவும் ரிகலெட்டோவாகவும் பாடினார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று பருவங்களில் அவருக்குக் கிடைத்தவை மொத்தம் 10 காட்சிகள். அங்கிருந்து விலகிய அவர், 1959இல் வெளிவந்த 'போர்கி அண்ட் பெஸ்' திரைப்படத்தில் சிட்னி பாய்ட்டியே வாயசைக்கப் பின்னணியில் பாடினார். மெட்ரோபாலிட்டனில் அரசனாகப் பாடியவரும் திரும்பி வந்து சேர்ந்த இடம் போர்கியின் ஆட்டு வண்டிதான்.

1955 ஜனவரியில் டங்கனுக்கு 51 வயது நிறைந்து, இன்னும் சில வாரங்களில் 52 தொடங்கவிருந்தது. பாரிட்டோன் குரல் பொதுவாக முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் முழு முதிர்ச்சியில் ஒலிக்கும். அந்த ஆண்டுகள் அவருக்குப் பிராட்வே மேடைகளிலும் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் செய்த கச்சேரிகளிலும் கழிந்துவிட்டன. மெட்ரோபாலிட்டனில் அவர் ஒருநாளும் பாடவில்லை. வெர்டியின் பெரும் பாரிட்டோன் பாத்திரங்கள் அவரது குரலில் எப்படி முதிர்ந்திருக்கும் என்பதைக் கேட்க எந்தப் பதிவும் உதவாது.

ஆவணம் காட்டாதது

பிற்காலத்தில் டங்கன் தொடங்கிய இடத்துக்கே திரும்பினார். வாஷிங்டனில் இறுதிவரை மாணவர்களுக்குக் குரல்பயிற்சி அளித்தார். பிலடெல்பியாவின் கர்டிஸ் இசைக்கல்வி நிலையத்திலும் கற்பித்தார். 1998 பிப்ரவரி 28 அன்று 95ஆம் வயதில் மறைந்தார்.

அவர் வாழ்நாளிலேயே ஒரு வட்டம் நிறைவுற்றது. 1976இல் ஹூஸ்டன் கிராண்ட் ஆப்பரா 'போர்கி அண்ட் பெஸ்' படைப்பை, வெட்டப்பட்ட பகுதிகளை மீட்டு, முழு ஆப்பராவாக நிகழ்த்தியது. 1985 பிப்ரவரி 6 அன்று மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அதை முதன்முதலாக மேடையேற்றியது. போர்கி சைமன் எஸ்டிஸ். பெஸ் கிரேஸ் பம்ப்ரி. எஸ்டிஸ் ஐரோப்பாவில் ஏற்கெனவே புகழ்பெற்றும், 1982இல்தான் அம்மேடைக்கு அழைக்கப்பட்டவர். கறுப்பினப் பெண் பாடகர்களுக்கு 1950களுக்குப் பின் அகலத் திறந்த கதவு ஆண்களுக்கு ஒருக்களித்தே நின்றது என்பதற்கு அவரது காத்திருப்பும் சான்று. ஜெர்ஷ்வின் முதலில் எழுதிய போர்கியின் குரல் வாஷிங்டனில் உயிரோடு இருந்தது. அடுத்த வாரம் அவருக்கு 82 வயது.

நிகழ்த்துகலை வரலாற்றை எழுதுவோர் பெரிதும் நம்புவது அரங்குகளின் நிகழ்ச்சிப் பதிவேடுகளை: எந்த நாள், எந்த ஆப்பரா, யார் பாடினார் என்ற நீண்ட அட்டவணைகள். அவை நிகழ்ந்ததைத் துல்லியமாகச் சொல்லும். நிகழவிடாமல் தடுக்கப்பட்டது அவற்றின் எந்தப் பத்தியிலும் இராது. மெட்ரோபாலிட்டனின் பதிவேட்டில் பாடகராக டாட் டங்கனைத் தேடினால் வெறுமையே கிடைக்கும். அந்த வெறுமையை ஒரு பாடகரின் குறையாகப் படிப்பதா, ஒரு நிறுவனத்தின் செயலாகப் படிப்பதா என்பதில்தான் வரலாற்றாளரின் பொறுப்பு இருக்கிறது. 55ஆம் தெருவின் அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. அதன் மேடையில் அல்ஃபியோவுக்கும் டோனியோவுக்கும் இடையே கழிந்த பதினோரு ஆண்டுகளையும் சேர்த்து எழுதும்போதே இந்தக் குரலின் வரலாறு முழுமை பெறும்.